மருத்துவக் காப்பீடு: அரசியல் மேடையில் கேட்டதும் ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் நடப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வடசென்னையில் தமிழ்நாடு அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் கூட நின்று பேசுவது என்று எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து உதவி வருகிறோம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் வரும் கேள்விகள் மாறிவிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்டவர்கள், டிவி விவாதத்தில் கேட்டதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் சொல்லி, இது நிஜமா என்று கேட்பார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அரசியலில் இதெல்லாம் சகஜம்தானே?

மேடையில் தப்பாகப் பேசியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு உடம்புக்கு வந்தால் பார்க்க ஆள் இருக்கிறது. "அந்த அட்டை இப்போ செல்லாதாம்" என்று நம்பி அதை பீரோவிலேயே வைத்துவிட்டு, வட்டிக்கு வாங்கி ஆபரேஷனுக்குக் கட்டும் குடும்பத்துக்குத்தான் நஷ்டம். அப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு தெரிய வரும்போது கட்டிய பணம் திரும்பி வராது. அதனால்தான் கோபம். எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் இதே கோபம்தான்.

"தமிழ்நாட்டில் ஆயுஷ்மான் பாரத்தை விடவே இல்லை" என்கிறார் ஒருவர். "உங்கள் கையில் இருப்பதே மோடி கொடுத்த அட்டை" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2009 ஜூலையில் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2011-ல் ஆட்சி மாறியதும் அது நின்றது. 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா அரசு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் மோடி மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது இங்கே இருந்த எடப்பாடி பழனிசாமி அரசு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாநிலத் திட்டத்தோடு அதை இணைத்து நடத்த ஒப்புக்கொண்டது. 2021-ல் வந்த ஸ்டாலின் அரசும் இணைந்த திட்டத்தையே தொடர்ந்தது. 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய்.

பணம் யாருடையது? 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று கணக்கு. அந்தப் பட்டியலில் வராத, ஆனால் மாநிலத்தின் வருமான வரம்புக்குள் வரும் மற்ற குடும்பங்களுக்கு மாநில அரசே முழுதாகக் கட்டுகிறது. ஆக "எல்லாம் எங்கள் பணம்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது தப்பு.

எங்கள் பகுதியில் இன்றும் வயதானவர்கள் கலைஞர் கார்டு என்பார்கள், சிலர் அம்மா கார்டு என்பார்கள், இளைஞர்கள் சிஎம் கார்டு என்பார்கள். எந்தப் பேர் சொல்லிக் கேட்டாலும் கவுண்ட்டரில் பார்ப்பது அட்டையில் உள்ள எண்ணைத்தான்.

5 லட்சம் ரூபாய் என்பது நிஜமா? அந்தப் பணம் நம் கைக்கு வருமா?

வராது. அதிகமான குடும்பங்கள் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

5 லட்சம் என்பது ஒரு குடும்பம் முழுவதற்கும் ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு. தலைக்கு 5 லட்சம் கிடையாது. பணமாகவும் கொடுக்க மாட்டார்கள். திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்குப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். அந்தத் தொகை ஆஸ்பத்திரிக்குப் போகும். பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்காக, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பொருந்தும். காய்ச்சலுக்குக் கிளினிக்கில் காட்டுவது, மாதாமாதம் மெடிக்கலில் வாங்கும் சுகர் மாத்திரை, இதெல்லாம் இதில் வராது. சில பரிசோதனைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் உண்டு.

எங்கள் தெருவில் காலையில் இட்லிக்கடை போடும் அக்கா ஒருவருக்குப் பித்தப்பையில் கல். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், லேமினேட் செய்த காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தார். முதல் நாளே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று கையிலிருந்து கட்டியாயிற்று. அட்மிஷன் என்று வந்தபோது கவுண்ட்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "கார்டு ஓகே அக்கா. ஆனா இந்த ஆபரேஷனுக்கு எங்க ஆஸ்பத்திரி இந்த ஸ்கீம்ல இல்ல" என்றான். "டிவில அஞ்சு லட்சம்னு சொன்னாங்களே தம்பி" என்று அக்கா கேட்டார். அந்தப் பையனிடம் பதில் இல்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்றால் எல்லாச் சிகிச்சைக்கும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட பிரிவுகளுக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம். அதை ஸ்கேனுக்குப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து அக்கா நன்றாக இருக்கிறார். முதல் ஆஸ்பத்திரியில் கட்டிய பணம் போனது போனதுதான்.

டிவியில் ஒருவர் 5 லட்சம் கொடுத்தோம் என்பார், எதிரில் இருப்பவர் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பார். எந்தச் சிகிச்சைக்கு, எந்த ஆஸ்பத்திரியில், படுத்தாலா படுக்காமலா என்று ஒருவரும் கேட்பதில்லை. நெறியாளரும் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு வதந்தி ஓடுகிறது: "5 லட்சத்துக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது, கிட்னி மாற்று என்றால் கைவிட வேண்டியதுதான்." இது உண்மையில்லை. உறுப்பு மாற்று போன்ற சில உயர் சிகிச்சைகளுக்கு உச்சவரம்புக்கு மேல் ஆகும் செலவைத் தனி நிதியத்திலிருந்து கொடுக்க இந்தத் திட்டத்திலேயே வழி இருக்கிறது.

யாருக்கு அட்டை கிடைக்கும்? "ரேஷன் கார்டு இருந்தால் போதும்" என்று பிரசாரத்தில் சொன்னார்களே?

போதாது. ரேஷன் கார்டோடு ஆண்டு வருமானச் சான்றிதழும் வேண்டும். 2012-லிருந்து வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-ல்தான் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது குடும்பத்துக்கு மாதம் 10,000.

அபார்ட்மென்ட் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு செக்யூரிட்டிக்கு மாதம் 14,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி வீட்டு வேலைக்குப் போகவில்லை என்றாலும் அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். சென்னையில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ் போக அவர் கையில் நிற்பது என்ன? தனியார் காப்பீடு எடுக்க அவரால் முடியாது, அரசுக் காப்பீட்டுக்கு அவருக்குத் தகுதி கிடையாது. காப்பீட்டைப் பற்றி இத்தனை விவாதம் நடக்கிறதே, இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

விண்ணப்பத்துக்கு, சென்னைக்காரர்கள் ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அட்டை தொலைந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், பதிவு அப்படியே இருக்கும்.

ஆட்சி மாறினால் அட்டை செல்லாமல் போய்விடுமா?

ஆட்சி மாறியதாலேயே அட்டை ரத்தாகாது. ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2011-ல் பழைய திட்டம் நின்று 2012 ஜனவரியில் புதியது வரும்வரை நடுவில் தவித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைவு இன்னும் போகவில்லை. 2021-ல் அப்படி எதுவும் நடக்கவில்லை. பேர் கூட மாறவில்லை. சந்தேகம் வந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஃபார்வர்டையும் விட அதுதான் நம்பகமானது.

ஒரே மொபைல் எண்ணில் ஏழரை லட்சம் பேர் என்று தணிக்கை அறிக்கை சொன்னதே, அத்தனையும் ஊழல்தானே?

ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை அது. 9999999999 என்ற எண்ணோடு 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்ததாக அதில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை உண்மை. "ஏழரை லட்சம் போலி நோயாளிகள், அத்தனை பேர் பேரிலும் கொள்ளை" என்று மேடையில் முழங்கியது உண்மையில்லை. போன் இல்லாத குடும்பத்தைப் பதிவு செய்யும்போது ஆபரேட்டர்கள் ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். பயனாளியை அடையாளம் காண்பது ஆதார் வழியாக, மொபைல் எண்ணை வைத்து இல்லை என்று மத்திய அரசு தரப்பில் சொன்ன விளக்கம் இந்த ஒரு விஷயத்தில் ஏற்கக்கூடியதுதான்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அதே அறிக்கையில், இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்கு அதன்பிறகும் சிகிச்சை நடந்ததாக 6.97 கோடி ரூபாய் கொடுத்திருப்பது பற்றி எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததும் அதில் வந்தது. மொபைல் எண்ணை விடக் கவலைப்பட வேண்டியவை இவைதான். பத்து முறை 9 வருகிற அந்த எண் மீம் போட வசதியாக இருந்ததால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அரசுத் தரப்பும் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, முழு அறிக்கைக்கும் பதில் சொன்ன மாதிரி எழுந்து போய்விட்டது.

காப்பீடு கொண்டு வந்ததே அரசு ஆஸ்பத்திரிகளை மூடத்தான் என்கிறார்களே?

இதில் பொய்யும் நியாயமான கவலையும் கலந்திருக்கிறது.

மூடப்போகிறார்கள் என்பது பொய். சென்னையிலேயே கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. சட்டமன்றத்துக்காகக் கட்டிய ஓமந்தூரார் வளாகம் 2014-ல் உயர் சிறப்பு ஆஸ்பத்திரியானது. 2023 ஜூனில் கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி திறந்தார்கள். இரண்டு ஆட்சியிலும் நடந்தது இது. அரசு ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே நடக்கும் ஆபரேஷனுக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அதனால்தான் ஜி.எச்.சில் படுத்தவரிடமும் அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "ஜி.எச்.லயும் காசு கேக்குறாங்க" என்று ஒரு வீடியோ சுற்றினால் நம்பாதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும் அங்கே வைத்தியம் உண்டு.

காப்பீட்டுப் பணத்தில் எவ்வளவு தனியாருக்குப் போகிறது, அதை அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் பணியிடங்களை நிரப்பச் செலவழித்திருக்கலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. பொதுச் சுகாதாரத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்களே இதைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் பலம் காப்பீட்டால் வந்ததில்லை என்பது என் கருத்தும் கூட. கிராமம் வரை பரவிய ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1994-ல் தொடங்கி மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மருத்துவப் பணிகள் கழகம், இவற்றால் வந்த பலம் அது. மாத்திரை இலவசமாகக் கிடைப்பதன் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான். இந்த விவாதம் நடக்க வேண்டும். மூடப்போகிறார்கள் என்ற பொய்யால் அது நடக்காமலே போகிறது.

மதுரை எய்ம்ஸ் விஷயத்தில் யார் பொய் சொன்னார்கள்?

அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. 2021 தேர்தலில் உதயநிதி ஒரு செங்கல்லைக் காட்டி, "இதுதான் எய்ம்ஸ்" என்று பிரசாரம் செய்தார். அன்றைய தேதியில் கட்டடம் எழவில்லை என்பது உண்மையே. ஜப்பான் நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமே 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. 2022-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து ராமநாதபுரத்தில் வைத்துப் படிக்க வைத்தார்கள். கட்டுமான வேலை 2024-ல் தொடங்கியது. அதற்குள் திட்டச் செலவு 1,264 கோடியிலிருந்து 1,977 கோடிக்கு மேல் போய்விட்டது. அடிக்கல்லை வைத்தே ஆஸ்பத்திரி வந்துவிட்ட மாதிரி பேசியவர்களும் தப்பு. வேலை தொடங்கிய பிறகும் பழைய செங்கல் படத்தையே இன்றைய நிலவரம் என்று அனுப்புகிறவர்களும் தப்பு. ஐந்து வருடத் தாமதத்தில் தென் மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு பஸ் ஏறி வந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"மக்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது" என்ற புள்ளிவிவரத்தை நம்பலாமா?

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்று மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. எண் இட்டுக்கட்டியது இல்லை. ஆனால் அது பங்கு பற்றிய எண். அரசு செலவழிப்பது கூடினால், நீங்கள் கட்டும் பில் ஒரு ரூபாய் குறையாமலே உங்கள் பங்கு குறைந்ததாகக் காட்டும். 2021-22 கொரோனா காலம். தடுப்பூசி முதல் சிகிச்சை வரை அரசு அதிகம் செலவழித்த வருடம். மக்கள் செலவைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஆய்வைப் பற்றியும் பொருளாதார நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே "உங்கள் ஆஸ்பத்திரி செலவு பாதியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அந்த எண் அதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் கிடைக்குமாமே?

2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத்தில் அப்படி விரிவாக்கம் செய்தார்கள். இந்தத் திட்டம் மாநில அரசுகள் வழியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. வேறு மாநிலத்தில் ஒரு தாத்தா அட்டையோடு நிற்கும் வீடியோவைப் பார்த்து அட்மிஷனுக்குப் போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555-ல் கேட்டுவிட்டுப் போங்கள்.

ரோட்டில் அடிபட்டால்? அட்டை கையில் இல்லை என்றால் சேர்க்க மாட்டார்களா?

சேர்ப்பார்கள். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தென்றால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை, வருமானம், எந்த மாநிலம் எதுவும் பார்ப்பதில்லை. 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய வரம்பைப் பிறகு உயர்த்தினார்கள். அட்டையைத் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்தப் பொய்ப் பிரசாரம் நம் ஊரில் மட்டும்தானா?

இல்லை. 2009-ல் அமெரிக்காவில் ஒபாமா மருத்துவச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டு வந்தபோது, வயதானவர்கள் வாழலாமா கூடாதா என்று அரசுக் குழு முடிவு செய்யும் என்று அலாஸ்காவின் முன்னாள் கவர்னர் சாரா பேலின் எழுதினார். அதற்கு மரணக் குழு என்றே பேர் வைத்தார். மசோதாவில் அப்படி ஒன்றும் கிடையாது. கடைசிக் காலத்தில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று நோயாளி விரும்பினால் டாக்டரோடு பேசலாம், அந்த நேரத்துக்கு டாக்டருக்குப் பணம் தரப்படும் என்றுதான் இருந்தது. கிளம்பிய பயத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில் அது நடைமுறைக்கு வர 2016 ஆனது. இடையில் போன வருடங்களில் அந்தப் பேச்சு தேவைப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் இருந்திருக்கும். ஒபாமா பக்கமும் சுத்தமில்லை. "உங்கள் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்" என்று வாக்குக் கொடுத்தார். 2013-ல் லட்சக்கணக்கானோருக்கு ரத்துக் கடிதம் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுப் பெரியவர்களே தப்பான ஃபார்வர்டை அனுப்பினால் என்ன செய்வது?

குடும்பக் குரூப்பில் எல்லார் முன்னாலும் "பொய்" என்று போடாதீர்கள். பெரியவருக்கு அது அவமானமாகிவிடும், அதன்பிறகு நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தாலும் காதில் ஏறாது. என் சொந்தத்தில் ஒரு பெரியப்பா, காப்பீட்டுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு ஆடியோவை அனுப்பினார். நான் போன் போட்டு, "பெரியப்பா, உங்க கார்டு நம்பர் சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் பக்கத்தில் பெரியம்மா அட்டையைத் தேடும் சத்தம் கேட்டது. இலவச எண்ணில் விசாரித்து, அட்டை செல்லும் என்று சொன்னேன். "அப்ப அந்த ஆடியோ?" என்றார். "யார் பேசினதுன்னு பேரே இல்லையே பெரியப்பா" என்றேன். அடுத்த நாள் குரூப்பில் அவரே எழுதியிருந்தார்: கார்டு செல்லும், விசாரிச்சாச்சு.

ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் என்ன கேட்கலாம்?

5 லட்சமா 10 லட்சமா என்று கேட்காதீர்கள். எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் வார்டு சுகாதார நிலையத்தில் சாயங்காலம் டாக்டர் இருக்கிறாரா, வேலைக்குப் போய்விட்டு வருபவர் எத்தனை மணி வரை காட்டலாம் என்று கேளுங்கள். சுகர், பிபி மாத்திரை முழு மாதத்துக்கும் தருகிறார்களா என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐக்கு எத்தனை நாள் கழித்துத் தேதி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டிய பிறகும் தனியாகப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும், மாதம் 14,000 வாங்கும் செக்யூரிட்டிக்கு அட்டை உண்டா இல்லையா என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.